முழு வேறுபாட்டுப் பெருக்கி: அலைவடிவம் காட்டாத பாதி

முழு வேறுபாட்டுப் பெருக்கி ஒன்றை ஸ்பைஸ் வகை மென்பொருளில், அதாவது மின்சுற்றைக் கணினிக்குள் ஓட்டிப் பார்க்கும் மென்பொருளில், வரைந்து, உள்ளீட்டில் ஒரு சதுர அலையைக் கொடுத்து, இரண்டு வெளியீடுகளின் வித்தியாசத்தைத் திரையில் பார்த்தால் பெரும்பாலும் அழகான படம்தான் வரும். ஏறுகிறது, இலக்கைச் சற்றே தாண்டுகிறது, அடங்குகிறது. அதே சுற்றைப் பலகையில் கட்டி மின்சாரம் கொடுத்தால் சில வேளைகளில் இரண்டு வெளியீடுகளும் சேர்ந்து மின்வழங்கியின் மேல் எல்லையில் போய் ஒட்டிக்கொள்ளும். அல்லது இரண்டும் ஒரே திசையில் சில மெகாஹெர்ட்ஸில் ஆடிக்கொண்டிருக்கும். மென்பொருள் தவறு செய்துவிட்டது என்று சொல்வது எளிது. உண்மையில் இந்தச் சுற்றிடம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

சாதாரண ஆப்-ஆம்ப்புக்கு, அதாவது இரண்டு உள்ளீடுகளின் வித்தியாசத்தைப் பல மடங்கு பெருக்கும் சில்லுக்கு, வெளியீடு ஒன்று. முழு வேறுபாட்டுப் பெருக்கிக்கு இரண்டு. ஒன்று ஏறும்போது மற்றது அதே அளவு இறங்கவேண்டும். தகவல் முழுவதும் இரண்டின் வித்தியாசத்தில் இருக்கிறது. இதனால் கிடைக்கும் லாபங்கள் பெரியவை: அதே மின்வழங்கியில் இரண்டு மடங்கு அலைவீச்சு, இரட்டைப்படை ஒத்திசைகள் (சிதைவால் பிறக்கும் இரட்டைப்படை மடங்கு அதிர்வெண்கள்) ஒன்றையொன்று அழித்துக்கொள்வது, இரு கம்பிகளிலும் சமமாக ஏறும் இரைச்சல் கழிந்துபோவது. வேகமான ஏடிசிகளுக்கு (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சில்லுகளுக்கு) முன்னால் இந்தப் பெருக்கியை வைப்பதற்குக் காரணம் இவைதான்.

இரண்டு வெளியீடுகளின் சராசரி, அதாவது காமன் மோட் மின்னழுத்தம், தகவல் எதையும் சுமப்பதில்லை. ஆனாலும் அது எங்கே நிற்கவேண்டும் என்பதை ஏதாவது ஒன்று தீர்மானித்தாகவேண்டும். வெளியே பூட்டும் பின்னூட்ட மின்தடைகளால் அது முடியாது. அவை வித்தியாசத்தைத்தான் பிடித்து நிறுத்தும். ஆகவே சில்லுக்குள்ளேயே இன்னொரு பின்னூட்டச் சுற்று இருக்கிறது. அது வெளியீடுகளின் சராசரியை அளக்கும், விஓசிஎம் என்ற முனையில் நாம் கொடுக்கும் மின்னழுத்தத்தோடு ஒப்பிடும், விலகல் இருந்தால் திருத்தும். ஒரே பெருக்கிக்குள் இரண்டு கட்டுப்பாட்டு வளையங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலைப்பட்டை (ஈடுகொடுக்கும் அதிர்வெண் எல்லை), தனித்தனிக் கட்ட விளிம்பு (ஊசலாட்டத்தில் விழாமல் இருக்க மிச்சமுள்ள கட்டக் கோணம்). வித்தியாசத்தை மட்டும் பார்ப்பது தராசு முள்ளை மட்டும் பார்ப்பதைப் போன்றது: முள் நடுவில் நிற்கிறது என்பதற்காகத் தராசே கீழே இறங்கிக்கொண்டிருக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆகவே முதல் பழக்கம் இது: எந்தக் காலத்தள ஓட்டத்திலும் (மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதைக் கணக்கிடும் ஓட்டத்திலும்) இரண்டு வரைகோடுகள் திரையில் இருக்கவேண்டும். ஒன்று வெளியீடுகளின் வித்தியாசம். மற்றது அவற்றின் கூட்டுத்தொகையில் பாதி. இரண்டாவது கோடு நேராக ஓடினால் நல்லது. ஒவ்வொரு விளிம்பிலும் அது குதித்தால், எவ்வளவு குதிக்கிறது, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்பதே அடுத்த விசாரணை.

உள்ளீட்டை எப்படிக் கொடுப்பது

உள்ளீட்டு மூலத்தையும் அதே முறையில் பிரித்துக் கட்டுவது நல்லது. ஒரு மூலம் வேறுபாட்டு சமிக்ஞைக்கு. இன்னொன்று காமன் மோடுக்கு. மின்னழுத்தத்தால் கட்டுப்படும் இரண்டு மின்னழுத்த மூலங்களை எடுத்து, வேறுபாட்டு மூலத்தைக் கூட்டல் அரை, கழித்தல் அரை என்று பெருக்கி, இரண்டோடும் காமன் மோட் மூலத்தைச் சேர்த்தால் போதும். பிறகு ஒரு எண்ணை மாற்றுவதன் மூலம் எந்தக் கேள்வியை வேண்டுமானாலும் தனியாகக் கேட்கலாம்.

துடிப்பு மூலத்தின் ஏற்ற நேரத்தைப் பூச்சியம் என்று விட்டுவிடக்கூடாது. பூச்சியம் கொடுத்தால் ஸ்பைஸ் தானாக ஒரு மதிப்பை எடுத்துக்கொள்ளும். அது உங்கள் சுற்றுக்குப் பொருந்தும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. எந்த மூலமும் தராத கூர்மையான விளிம்பைக் கொடுத்துவிட்டு, அதனால் வரும் கூர்முனைகளைப் பெருக்கியின் குறை என்று எழுதுவதில் பொருள் இல்லை.

ஒரு கம்பியில் வரும் சமிக்ஞையை இரு கம்பிகளாக மாற்றுவதற்கும் இந்தப் பெருக்கியைப் பயன்படுத்துவார்கள். கணக்கு சுவாரசியமாவது இங்கேதான். மின்வழங்கி 5 வோல்ட், விஓசிஎம் 2.5 வோல்ட், நான்கு மின்தடைகளும் (ஒவ்வொரு பக்கத்திலும் உள்ளீட்டில் ஒன்று, பின்னூட்டத்தில் ஒன்று) 1 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்க உள்ளீட்டில் தரையை மையமாகக் கொண்டு கூட்டல் 1, கழித்தல் 1 வோல்ட் வரை போகும் அலை. மறுபக்க உள்ளீடு தரையில். பெருக்கம் ஒன்று என்பதால் வேறுபாட்டு வெளியீடும் உச்சிக்கு உச்சி 2 வோல்ட். ஒவ்வொரு வெளியீடும் 2.0 முதல் 3.0 வோல்ட் வரை நகரும். இதுவரை யாரும் எதிர்பார்ப்பதுதான்.

இப்போது பெருக்கியின் இரண்டு உள்முனைகளை, அதாவது மின்தடைகள் சில்லின் உள்ளீட்டோடு சேரும் புள்ளிகளை, பாருங்கள். தரையோடு கட்டிய பக்கத்தில், வெளியீட்டின் சரிபாதி அந்த முனையில் விழுகிறது. ஆகவே அது 1.0 முதல் 1.5 வோல்ட் வரை சமிக்ஞையோடு சேர்ந்து ஆடுகிறது. மறுமுனையும் அதைப் பின்தொடர்ந்து அதே அளவு ஆடுகிறது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஏறத்தாழப் பூச்சியம்தான். ஆனால் இரண்டும் சேர்ந்து கால் வோல்ட் மேலும் கீழும் போகின்றன. ஆப்-ஆம்ப்பின் தலைகீழ்ப் பெருக்கியில் பழகியவர்கள் உள்முனை அசையாது என்று எண்ணிக்கொள்வார்கள். இங்கே அசைகிறது. அலைவீச்சைக் கூட்டினாலோ விஓசிஎம்மைக் குறைத்தாலோ அந்த ஆட்டம் பெருக்கியின் அனுமதிக்கப்பட்ட உள்ளீட்டு எல்லையைத் தாண்டலாம். அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் பெருக்கத்தைக் கணக்கிடும் ஏசி பகுப்பாய்வு இதைக் காட்டாது. அது ஒரு நிலைப்புள்ளியைச் (சமிக்ஞை இல்லாதபோது சுற்று நிற்கும் நிலையை) சுற்றிய மிகச் சிறிய அசைவை மட்டும் அறியும். காலத்தள ஓட்டத்தில் அந்த முனைகளை வரைந்து பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

இதே காரணத்தால் உள்ளீட்டு மின்தடையும் மாறுகிறது. இந்தச் சுற்றில் மூலம் பார்ப்பது 1 கிலோ ஓம் அல்ல, சுமார் 1333 ஓம். மூலம் 50 ஓம் உடையது என்றால், அதுவும் அதற்குப் பூட்டும் முடிப்பு மின்தடையும் சேர்ந்து அந்தப் பக்கக் கிளையில் ஏறத்தாழ 25 ஓமைக் கூட்டிவிடும். அதே 25 ஓமை எதிர்ப்பக்கத்திலும் சேர்க்காவிட்டால் சமநிலை அங்கேயே குலைந்துவிடும்.

சமச்சீரை உடைத்துப் பார்ப்பது

கணினிக்குள் 1 கிலோ ஓம் என்றால் சரியாக 1 கிலோ ஓம்தான். இடப்பக்க டிரான்சிஸ்டரும் வலப்பக்க டிரான்சிஸ்டரும் அச்சுப் பிசகாமல் ஒன்று. இந்தப் பரிபூரணச் சமச்சீர்தான் வேறுபாட்டுச் சுற்றுகளின் உருவகப்படுத்தலில் பெரிய ஏமாற்று. இரட்டைப்படை ஒத்திசைகள் எண்கணித இரைச்சலின் அளவுக்கு மறைந்துவிடும். விஓசிஎம் முனையில் எவ்வளவு இரைச்சலைக் கொட்டினாலும் வேறுபாட்டு வெளியீடு அசையாது. மின்வழங்கியின் இரைச்சலும் அப்படியே. இந்த முடிவுகளை அறிக்கையில் எழுதினால் பார்க்க அருமையாக இருக்கும். பலகையில் எதுவும் கிடைக்காது.

மேலே சொன்ன சுற்றில் ஒரே ஒரு உள்ளீட்டு மின்தடையை 1 சதவீதம் கூட்டுங்கள். ஒரு பக்கத்தின் பின்னூட்டப் பங்கு (வெளியீட்டில் உள்முனைக்குத் திரும்பும் பகுதி) 0.5, மற்றது 0.5025 அளவுக்குப் போகிறது. இரண்டு உள்ளீடுகளும் தரையில் இருக்கும்போதே, விஓசிஎம்மின் 2.5 வோல்ட் இந்தச் சிறு வேறுபாட்டின் வழியாக ஒழுகி, வெளியீட்டில் சுமார் 12 மில்லிவோல்ட் வித்தியாசமாக வந்து நிற்கும். விஓசிஎம்மில் 100 மில்லிவோல்ட் படி ஒன்றைக் கொடுத்தால் அதில் அரை மில்லிவோல்ட் வேறுபாட்டு வெளியீட்டில் எட்டிப் பார்க்கும். 16 பிட் ஏடிசி பிரித்தறியும் மிகச் சிறிய அளவைப்போல அது பல மடங்கு.

மான்டி கார்லோ முறையில், அதாவது கூறுகளின் மதிப்புகளைத் தற்செயலாக மாற்றி மாற்றி, நூற்றுக்கணக்கான ஓட்டங்களைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் அதற்கு முன் கையால் ஒரே ஒரு மோசமான பொருத்தமின்மையை வைத்து ஓட்டிப் பார்ப்பதையே நான் விரும்புவேன். எந்தக் கூறு எந்தப் பிழையைத் தருகிறது என்பது அதில் புரியும். மான்டி கார்லோவின் புள்ளிக் கூட்டத்தில் அது கரைந்துபோகும். டிரான்சிஸ்டர் அளவில் வடிவமைப்பவர்கள் உள்ளீட்டு இணையில் ஒன்றின் வாயிலோடு (கேட் முனையோடு) தொடராகச் சில மில்லிவோல்ட் மின்கலத்தைச் செருகினாலே போதும்.

காமன் மோட் வளையம்

இரண்டாவது வளையத்தைச் சோதிக்க எளிய வழிகள் உண்டு. விஓசிஎம்மில் சிறிய படி கொடுத்து வெளியீட்டுச் சராசரி எப்படிப் பின்தொடர்கிறது என்று பார்ப்பது ஒன்று. ஆனால் விஓசிஎம் முனையிலிருந்து உள்ளே போகும் பாதையில் வடிகட்டி ஏதாவது இருந்தால், வளையத்தின் ஊசலாட்டத்தை அது மழுங்கச் செய்துவிடும். எனவே இரண்டு வெளியீட்டு முனைகளிலும் ஒரே நேரத்தில், ஒரே திசையில், சிறு மின்னோட்டத் துடிப்பைச் செலுத்துவது இன்னும் நேர்மையான சோதனை. சராசரி எவ்வளவு தாண்டுகிறது என்பதிலிருந்து கட்ட விளிம்பை மதிப்பிடலாம். இரண்டு முனைவுகள் (பெருக்கம் விழத் தொடங்கும் அதிர்வெண்கள்) மட்டும் உள்ள அமைப்பில் 60 பாகைக்குச் சுமார் 9 சதவீதத் தாண்டல், 45 பாகைக்குச் சுமார் 23 சதவீதம். மூன்று நான்கு முறை ஆடி அடங்கினால் விளிம்பு போதாது. இந்த ஊசலாட்டம் முழுவதும் நடக்கும்போது வேறுபாட்டு வெளியீடு ஒரு நேர்கோடாக இருக்கும் என்பதை மறக்கவேண்டாம்.

பெரிய சமிக்ஞையில் இரண்டு வளையங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. பெரிய வேறுபாட்டுப் படி வரும்போது ஒரு வெளியீடு மின்னோட்டத்தைத் தள்ளுகிறது, மற்றது இழுக்கிறது. தள்ளும் திறனும் இழுக்கும் திறனும் சமமாக இருப்பது அரிது. ஏறும் பக்கம் வேகமாகவும் இறங்கும் பக்கம் மெதுவாகவும் போனால், அந்த இடைவெளியில் சராசரி மேலே எழும்பும். காமன் மோட் வளையம் அதைத் திருத்தப் பாயும். திருத்தும் வேகம் குறைவாக இருந்தால், வேறுபாட்டு வெளியீடு அடங்கிய பிறகும் சராசரி ஊர்ந்துகொண்டிருக்கும். பொருத்தமின்மை வழியாக அந்த ஊர்தல் வித்தியாசத்துக்குள்ளும் புகும். நிலைகொள்ளும் நேரம் ஏன் எதிர்பார்த்ததைவிட நீள்கிறது என்று தேடுபவர்கள் பல வேளைகளில் இங்கேதான் வந்து சேர்கிறார்கள்.

இதைவிடக் கொடியது பூட்டிக்கொள்ளும் நிலை. இரண்டு அடுக்குகளாகப் பெருக்கும் பெருக்கியில் வேறுபாட்டுக்கு எதிர்மறையாக இருக்கும் வெளிப் பின்னூட்டம், காமன் மோடுக்கு நேர்மறையாகிவிடும். சாதாரணமாக உள்ளீட்டு இணையின் அடியில் இருக்கும் மின்னோட்ட மூலம் காமன் மோட் பெருக்கத்தை அடக்கி வைத்திருப்பதால் ஆபத்து இல்லை. உள்ளீடு எல்லை மீறி அந்த மூலம் தன் வேலையைச் செய்ய முடியாமல் போனால், அடக்கமும் போய்விடுகிறது. இரு வெளியீடுகளும் ஒரே பக்கம் ஓடிப்போய் அங்கேயே தங்கலாம். மின்சாரம் கொடுக்கும் அந்தச் சில மைக்ரோ நொடிகளில்தான் இதற்கு வாய்ப்பு அதிகம். மென்பொருளோ ஓட்டத்தைத் தொடங்குமுன் நிலைப்புள்ளியைச் சமன்பாடாகத் தீர்த்து, நேராகச் சரியான நிலையிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. உண்மையான சுற்று அந்தப் புள்ளிக்கு நடந்து வரவேண்டும். ஆகவே மின்வழங்கியைப் பூச்சியத்திலிருந்து 5 வோல்ட்டுக்கு ஏற்றும் ஓட்டம் ஒன்று கட்டாயம் வேண்டும். மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை, உள்ளீட்டில் சமிக்ஞை இருக்கும்போதே ஒருமுறை. இதைச் செய்யாத உருவகப்படுத்தலை முடிந்ததாக நான் ஏற்கமாட்டேன்.

கணக்கிடும் இயந்திரத்தின் கைவரிசை

ஸ்பைஸ் 1970களின் தொடக்கத்தில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவானது. டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டுதலில் லாரன்ஸ் நேகல் எழுதினார், 1973-இல் வெளியானது. இன்று நாம் பயன்படுத்தும் என்ஜி ஸ்பைஸ், எல்டி ஸ்பைஸ் போன்றவற்றில் அந்த அடிப்படை மாறவில்லை. நிலைப்புள்ளியைத் தீர்ப்பது, பிறகு காலத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு துண்டிலும் மின்தேக்கிகளின் வகையீட்டுச் சமன்பாடுகளைத் தோராயமாகத் தொகையிடுவது, நேர்கோட்டில் அமையாதவற்றை நியூட்டன் முறையில் திரும்பத் திரும்பத் தீர்ப்பது.

தொகையிடும் முறையின் தேர்வு விடையின் வடிவத்தையே மாற்றும். சரிவகமுறை ஆற்றலைத் தேவையின்றித் தின்னாது. ஆனால் திடீர் மாற்றத்துக்குப் பின் ஒவ்வொரு துண்டிலும் மேலும் கீழும் குதிக்கும் போலி ஊசலாட்டத்தைத் தரும். பின்னோக்கிய ஆய்லர் முறையும் கியர் முறையும் அந்தக் குதிப்பை அடக்கும்; கூடவே உண்மையான ஊசலாட்டத்தையும் ஓரளவு அடக்கிவிடும். இழப்பே இல்லாத ஒரு மின்தூண்டி-மின்தேக்கி இணையை ஆய்லர் முறையில் ஓட்டிப் பாருங்கள். இல்லாத மின்தடை ஒன்று இருப்பதுபோல அலை தேய்ந்து சாகும். நிலைத்தன்மை சந்தேகத்துக்கு உரிய பெருக்கியை அந்த முறையில் ஓட்டி, நிலையானது என்று சான்றளிப்பது ஆபத்து.

திரையில் தெரியும் ஊசலாட்டம் சுற்றுடையதா, கணக்குடையதா என்று கண்டுபிடிப்பது எளிது. அதிகபட்சக் காலத் துண்டைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டுங்கள். அதிர்வெண் மாறினால் அது கணக்கின் விளைவு. அப்படியே நின்றால் சுற்றின் நோய்.

அடுத்தது துல்லியம். ரெல்டால் எனப்படும் சார்புப் பிழை எல்லையின் இயல்பு மதிப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு. பெருக்கி 16 பிட் துல்லியத்துக்கு, அதாவது கடைசிப் பிட்டில் பாதிக்குள், எப்போது அடங்குகிறது என்பது கேள்வியானால் நாம் தேடுவது 1,31,072-இல் ஒரு பங்கு. ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுகோலால் அதை அளக்க முடியாது. ரெல்டாலைப் பத்து லட்சத்தில் ஒன்றாக இறுக்கி, மின்னழுத்த, மின்னோட்ட எல்லைகளையும் அதற்கேற்பக் குறைத்து, காலத் துண்டையும் கட்டுப்படுத்தவேண்டும். எல்டி ஸ்பைஸ் பயன்படுத்துவோர் அலைவடிவத்தைச் சுருக்கிச் சேமிக்கும் வசதியையும் நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் துல்லியமாகக் கணக்கிட்டதைச் சேமிக்கும்போது இழந்துவிடுவோம்.

சைன் அலையைக் கொடுத்து ஒத்திசைச் சிதைவை அளப்பவர்களுக்கு ஒரு கூடுதல் நிபந்தனை: பதிவுக்குள் முழு எண்ணிக்கையிலான சுழற்சிகள் இருக்கவேண்டும், தொடக்கக் குழப்பம் அடங்கிய பிறகே பதிவைத் தொடங்கவேண்டும், மாதிரிகள் சம இடைவெளியில் இருக்கவேண்டும்.

எப்போது அடங்கும்

ஒற்றை முனைவு உள்ள பெருக்கி 12 பிட் துல்லியத்துக்கு அடங்கச் சுமார் 9 கால மாறிலிகள் ஆகும் (மிச்சப் பிழை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும் நேரமே ஒரு கால மாறிலி). 16 பிட்டுக்குச் சுமார் 11.8. இது சிறு சமிக்ஞைக் கணக்கு. பெரிய படியில் முதலில் ஸ்லூ ரேட் எல்லை, அதாவது வெளியீடு மாறக்கூடிய உச்ச வேகம், வரும். சாய்கோடாக ஏறி முடித்த பிறகுதான் இந்தக் கடிகாரம் தொடங்கும். சைன் அலைக்கும் இதே எல்லை உண்டு. 10 மெகாஹெர்ட்ஸில் 2 வோல்ட் உச்சமுள்ள வேறுபாட்டு அலைக்கு, மைக்ரோ நொடிக்குச் சுமார் 126 வோல்ட் வேகம் வேண்டும். தரவுத்தாளில் உள்ள எண் வேறுபாட்டுக்கானதா, ஒரு வெளியீட்டுக்கானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே இரண்டு மடங்கு வித்தியாசம் இருக்கிறது.

அடங்கும் நேரத்தைக் கெடுக்கும் இன்னொன்று, மிக நெருங்கி நிற்கும் முனைவு-சுழி இணை (முனைவின் விளைவை எதிர்ப்பது சுழி). அதிர்வெண் வரைபடத்தில் அது அநேகமாகத் தெரியாது. கட்டக் கோட்டில் ஒரு சிறு சுளிப்பு இருக்கும், அவ்வளவுதான். காலத்தளத்திலோ, 99.9 சதவீதம் சட்டென்று வந்துவிட்டு மிச்சம் நீண்ட வாலாக இழுக்கும். காமத், மேயர், கிரே ஆகியோர் 1974-லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். வாலைக் காண, வெளியீட்டிலிருந்து இறுதி மதிப்பைக் கழித்து, மிச்சத்தின் அளவை மடக்கை அளவுகோலில் வரையுங்கள். ஒற்றை முனைவு என்றால் நேர்கோடு. நடுவில் முழங்கால் மடிந்து சாய்வு குறைந்தால் வால் இருக்கிறது.

பலகையின் கூடுதல் மின்தேக்கங்களையும் விட்டுவிடலாகாது. 1 கிலோ ஓம் பின்னூட்டத்தில் உள்முனையில் 1 பிக்கோஃபாரட் சேர்ந்தாலே 318 மெகாஹெர்ட்ஸில் ஒரு முனைவு முளைத்துவிடும். நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் அலைப்பட்டை உள்ள பெருக்கியின் கட்ட விளிம்பை அது நேராகத் தின்னும்.

கடைசியில் சுமை. ஏடிசியை ஒரு நிலையான மின்தேக்கியாக வரைந்துவிட்டு முடித்தால், பெருக்கிக்கு வரும் உண்மையான அடியைக் காணத் தவறிவிடுவோம். ஒவ்வொரு மாதிரியெடுப்பிலும் உள்ளே இருக்கும் மின்தேக்கி பழைய மின்னூட்டத்தோடு வந்து இணைகிறது. ஒவ்வொரு பக்கமும் 20 ஓம், 1 நானோஃபாரட் வடிகட்டி, ஏடிசிக்குள் 30 பிக்கோஃபாரட் என்று வையுங்கள். பழைய மதிப்புக்கும் புதியதற்கும் ஒவ்வொரு பக்கமும் எதிரெதிர்த் திசையில் 1 வோல்ட் வித்தியாசம் இருந்தால், ஒரு பக்கத்துக்கு 29 மில்லிவோல்ட், வேறுபாட்டில் 58 மில்லிவோல்ட் அடி விழும். 4 வோல்ட் வீச்சுள்ள 16 பிட் ஏடிசியில் கடைசிப் பிட்டின் பாதி 30.5 மைக்ரோவோல்ட். பெருக்கி இலட்சியப் பெருக்கி என்று வைத்தாலும் இந்த அடி அடங்க ஏழரைக் கால மாறிலிகள், சுமார் 155 நானோ நொடி வேண்டும். இந்த ஓட்டத்தில் அந்த மின்தேக்கியை இணைக்கும் சாவியின் (சுவிட்சின்) மின்தடை ஒரேயடியாகத் தாவாமல் சற்று வழுவழுப்பாக மாறும்படி அமைத்தால் நியூட்டன் முறை திக்காமல் ஓடும்.

இந்த எல்லாச் சோதனைகளும் மாதிரி எவ்வளவு நேர்மையானது என்பதற்குக் கட்டுப்பட்டவை. ஆப்-ஆம்ப்பை டிரான்சிஸ்டர் டிரான்சிஸ்டராக வரையாமல் சில கட்டுப்படு மூலங்களால் சுருக்கும் மேக்ரோ மாதிரி முறையை பாயிலும் அவருடைய சகாக்களும் 1974-இல் வெளியிட்டார்கள். உற்பத்தியாளர்கள் இன்று தரும் மாதிரிகள் பல அந்த மரபில் வந்தவை. வேறுபாட்டுப் பாதையை அவை நன்றாகவே காட்டும். காமன் மோட் வளையம், வெளியீட்டு மின்னோட்ட எல்லை, எல்லை மீறலிலிருந்து மீளும் நேரம் ஆகியவற்றை எல்லா மாதிரிகளும் அதே அக்கறையோடு காட்டுவதில்லை. பெரிய சுற்றுக்குள் செருகுவதற்கு முன் மாதிரியைத் தனியாக எடுத்து, விஓசிஎம்மில் ஒரு படி கொடுத்துத் தரவுத்தாளின் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியீட்டில் சுமையைக் கூட்டும்போது மின்வழங்கி முனையின் மின்னோட்டமும் கூடுகிறதா என்றும் பாருங்கள். கூடவில்லை என்றால், வெளியீட்டு மின்னோட்டத்தை அந்த மாதிரி மின்வழங்கியிலிருந்து எடுக்கவில்லை; மின்சாரம் ஏறும் ஓட்டத்தில் அது தரும் விடைக்கு எந்த மதிப்பும் இல்லை.